படகுக்குக் காசு இல்லை!

குமரிமுனைப் பாறைக்கு நீந்திச் சென்ற விவேகானந்தர் கதை

ராஜபாளையத்தில் ஒரு வீடு. அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்பாவுக்கு மில்லில் லீவு கிடைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையும் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்துவிட்டாள். இராச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் திண்ணையில் கூடினார்கள். நாளை மறுநாள் எங்கே போகலாம் என்று யோசனை நடந்தது.

அய்யனார் அருவிக்குப் போகலாம் என்றாள் பாட்டி. அது கொல்லைப்புறம் மாதிரி, எத்தனை தடவை போவது என்றார்கள் பிள்ளைகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமுக்குளம் இருக்கிறது. ராஜபாளையத்தைச் சுற்றிக் கண்மாய்கள் இருக்கின்றன. மேற்கே மலை இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. ஆகவே கடல் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். கன்னியாகுமரி என்று முடிவாயிற்று.

அப்போது மூத்த பையன் ஒரு யோசனை சொன்னான். கயாக் என்று ஓர் ஒல்லிப் படகு உண்டு. ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் அகன்ற துடுப்பைப் பிடித்துத் தாங்களே வலித்துக்கொண்டு போகலாம். அப்படி ஒரு படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்கு நாமே போனால் என்ன என்று கேட்டான். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை மட்டும் சிரித்தாள். படகே இல்லாமல் அந்தப் பாறைக்குப் போனவர் ஒருவர் உண்டு, அவர் கதை உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் இந்த விடுமுறையில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம். மூட்டை கட்டும் முன்னால் அந்தக் கதையைப் படித்துவிடுங்கள்.

கப்பல் பார்க்க ஆசைப்பட்ட பையன்

கல்கத்தா நகரில் 1863-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை விசுவநாத தத்தர். ஹைக்கோர்ட்டு வக்கீல். தாய் புவனேசுவரி தேவி. குழந்தைக்கு நரேந்திரநாதன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் நரேன் என்று கூப்பிட்டார்கள்.

நரேன் மகா துடுக்கு. குஸ்தி பழகினான். கங்கையில் நீந்தினான். படகு வலித்தான். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கல்கத்தாத் துறைமுகத்துக்கு செராபிஸ் என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பல் வந்தது. அதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டை ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்துக்கொண்டிருந்தார். நரேன் அந்த அலுவலகத்துக்குப் போனான். சிறு பையனுக்குச் சீட்டு எதற்கு என்று வாசற்காவலன் விரட்டிவிட்டான்.

நரேன் அழவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. சீட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் மாடிக்குத்தான் போகிறார்கள் என்று கவனித்தான். கட்டடத்தைச் சுற்றி வந்தான். பின்பக்கம் ஓர் இரும்புப் படி இருந்தது. அதில் ஏறி வரிசையில் போய் நின்றான். அவன் முறை வந்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சீட்டோடு முன்வாசல் வழியாகவே இறங்கி வந்தான். காவலன் திகைத்துப்போனான். தனக்கு மந்திரம் தெரியும் என்று சொல்லிவிட்டு நடந்தான் பையன்!

ஆற்றுப் படகில் தகராறு

இன்னொரு சம்பவம். நரேனும் கூட்டாளிகளும் படகு பிடித்து மிருகக்காட்சிச் சாலை ஒன்றைப் பார்க்கப் போனார்கள். அது லட்சுமணபுரி நவாப், கல்கத்தாவில் வந்து குடியிருந்த மேட்டியாபுரூஸ் என்ற இடத்தில் வைத்திருந்தது. மிருகங்களைப் பார்த்தார்கள். குதூகலமாகத் திரும்பினார்கள். வரும் வழியில் ஒரு பையனுக்கு மயக்கம் வந்து, படகிலேயே வாந்தி எடுத்துவிட்டான்.

படகோட்டிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்களே கழுவவேண்டும் என்றார்கள். வேறு ஆளை வைத்துக் கழுவிக்கொள்ளுங்கள், இரட்டைக் கூலி தருகிறோம் என்றார்கள் பையன்கள். படகோட்டிகள் ஒப்பவில்லை. கரை வந்த பிறகும் இறங்க விடவில்லை. அடிதடி ஆகிவிடும் போல இருந்தது. கூட்டத்தில் சின்னவன் நரேன். அவன் சத்தம் போடாமல் கரையில் குதித்தான். அந்தப் பக்கம் இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள். தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். சிப்பாய்களைக் கண்டதும் படகோட்டிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். பையன்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆபத்து வந்தால் கைகால் பதறாமல் வழி தேடுவது என்பது அந்த வயதிலேயே நரேனுக்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் அந்தக் குணம்தான் அவரைக் காப்பாற்றியது.

அடுப்பு எரியாத வீடு

நரேன் கல்லூரியில் படித்தார். 1881-இல் தட்சிணேசுவரக் கோயிலில் வாழ்ந்த இராமகிருஷ்ணரைச் சந்தித்தார். எதையும் கேள்வி கேட்டுப் பார்க்கிற இளைஞர் அவர். ஆயினும் நாளடைவில் இராமகிருஷ்ணரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

1884-ஆம் ஆண்டு இடி விழுந்தது. தந்தை திடீரென்று இறந்துபோனார். தாராளமாகச் செலவு செய்த மனிதர் அவர். இறந்த பிறகு பார்த்தால் மீந்தது கடன்தான். சொந்தக்காரர்கள் சொத்துக்கு வழக்குப் போட்டார்கள். நரேன் பி.ஏ. படித்தவர். வேலை தேடி வெயிலில் வெறுங்காலோடு அலைந்தார். வேலை கிடைக்கவில்லை.

வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளில், தனக்கு வெளியில் விருந்து இருக்கிறது என்று தாயாரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடுவார். விருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. தாயும் தம்பிகளும் ஒரு கவளம் கூடச் சாப்பிடட்டும் என்றுதான் அந்தப் பொய். பசி என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. வயிற்றில் அறிந்தார்.

1886 ஆகஸ்டு 16-ந் தேதி இராமகிருஷ்ணர் மறைந்தார். நரேனும் மற்றச் சீடர்களும் பராநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் தங்கித் துறவிகளானார்கள். பின்னாளில் அவருக்கு நிலைத்த பெயர்தான் விவேகானந்தர்.

தெற்கு நோக்கி நடை

1890-ஆம் ஆண்டு விவேகானந்தர் நீண்ட யாத்திரை புறப்பட்டார். கையில் ஒரு தடி, ஒரு கமண்டலம், ஒன்றிரண்டு புத்தகம். அவ்வளவுதான் சாமான். வடக்கே இமயமலை அடிவாரம், பிறகு இராஜபுதனம், குஜராத்து, பம்பாய், மைசூர் என்று வந்தார். சில சமயம் யாராவது ரயில் டிக்கெட்டு வாங்கிக் கொடுப்பார்கள். மற்றச் சமயம் நடைதான். ஒரு நாள் அரண்மனையில் விருந்து. மறுநாள் ஏழையின் குடிசையில் ஒரு ரொட்டி. சில நாள் அதுவும் இல்லை.

போன இடமெல்லாம் ஒன்றைக் கண்டார். ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். எழுத்து அறியாமல் இருக்கிறார்கள். சாதியின் பேரால் மனிதனை மனிதன் தள்ளி வைக்கிறான். பெரிய பெரிய சாஸ்திரங்கள் இருக்கிற தேசத்தில் இப்படி ஏன் என்ற கேள்வி அவர் மனத்தைக் குடைந்தது.

மைசூரிலிருந்து மலையாள நாடு வழியாகத் திருவனந்தபுரம் வந்தார். அங்கே சுந்தரராம ஐயர் என்ற ஆசிரியர் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். பிறகு 1892 டிசம்பரில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தார். அப்போது அது திருவிதாங்கூர் இராஜ்யத்தில் இருந்தது. (குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதிதான் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது.)

நீரில் குதித்தார்

கோயிலில் அம்மனைத் தரிசித்தார். கடற்கரைக்கு வந்தார். அதற்கு மேல் நடக்கத் தரை இல்லை. பாரத நாடு அங்கே முடிகிறது. ஆனால் கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கு நடுவே ஒரு பாறை தெரிந்தது. அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த இடம் என்று சொல்லி, அதை ஸ்ரீபாதப் பாறை என்று ஊரார் அழைத்தார்கள்.

அந்தப் பாறைக்குப் போகவேண்டும் என்று நினைத்தார். கரையில் மீனவர்களின் வள்ளங்கள் இருந்தன. கூலி கொடுத்தால் கொண்டுபோய் விடுவார்கள். துறவியிடம் காசு இல்லை. சில்லறைக் காசுதான் கேட்டார்கள். அதுவும் இல்லை.

கடன் சொல்லவில்லை. கெஞ்சவில்லை. நீரில் குதித்து நீந்திப் போனார். அந்த இடத்தில் பாறைகளுக்கு நடுவே நீர் சுழித்து ஓடும். அலை தூக்கிப் பாறையில் அறையும். சுறா மீன் உண்டு என்று பயமும் உண்டு. சிறு வயதிலிருந்து கங்கையில் நீந்திப் பழகிய உடம்பு ஆகையால் பாறையில் போய் ஏறினார்.

பாறையில் மூன்று நாள்

1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாள் அவர் அந்தப் பாறையில் இருந்தார் என்று சொல்லுகிறார்கள். அது மார்கழி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியற்காலையில் ஆண்டாள் சந்நிதியில் பாவைப் பாட்டுக் கேட்கும் நாட்கள். பனியில் பெண்கள் வாசலில் கோலம் போடும் நாட்கள். அதே மார்கழிக் காலைகளில், நமக்குத் தெற்கே, கடல் நடுவில் இருபத்தொன்பது வயதுத் துறவி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மீனவர்கள் பாலும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று செவிவழிச் செய்தி உண்டு.

அங்கே என்ன நினைத்தார்? இதற்கு ஊகம் தேவையில்லை. 1894-இல் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் அவரே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குமரிமுனையில், கடைசிப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு திட்டம் தோன்றியது என்பது அதன் சாரம்.

என்ன திட்டம்? நாட்டில் ஆயிரக்கணக்கான துறவிகள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ஜனங்கள் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். அந்தத் துறவிகள் கிராமம் கிராமமாகப் போய் ஏழைகளுக்குக் கல்வி கற்றுக்கொடுத்தால் என்ன? பூகோளப் படம், பூமி உருண்டை இவற்றைக் காட்டி, வாய்மொழியாகவே உலக விஷயங்களைச் சொல்லிக் கொடுக்கலாமே! பகலில் வயலில் வேலை செய்கிறவன் சாயங்காலம் படிக்கலாமே! ஏழை பள்ளிக்கூடத்துக்கு வரமுடியாவிட்டால் பள்ளிக்கூடம் ஏழையிடம் போகவேண்டும். இதற்கு ஆள் வேண்டும். பணமும் வேண்டும். பணத்துக்கு என்ன செய்வது? கடல் கடந்து அமெரிக்கா போய்த் தாமே சம்பாதித்துக் கொண்டுவருவது.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் சர்வமத மகாசபை நடக்கப் போகிறது என்று அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். போகலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது. பாறையிலிருந்து திரும்பியவர் கையில் திட்டம் இருந்தது. படகுக்குக் காசில்லாமல் போனவர், நாட்டுக்கு வேலைத்திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

வீடு வீடாக வசூல்

திட்டம் போட்டால் போதுமா? கப்பல் சத்தம் யார் கொடுப்பது?

அந்தப் பயணத்தில் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியைச் சந்தித்தார். அவசியம் சிக்காகோ போகவேண்டும் என்று மன்னர் தூண்டினார். பிறகு சென்னை போனார். மன்மதநாத பட்டாச்சாரியார் என்ற வங்காள அதிகாரி வீட்டில் தங்கினார். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அவரைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் அளசிங்கப் பெருமாள். பச்சையப்பன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். சம்பளத்தை நம்பிப் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்.

அந்த ஆசிரியர் துண்டை ஏந்தி வீடு வீடாகப் போனார். பெரிய மனிதர்களிடம் மட்டும் போகவில்லை. குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், மாணவர்கள் என்று நடுத்தரக் குடும்பங்களிடம் கேட்டார். அணா அணாவாகச் சேர்ந்தது. முதல் தடவை வசூலான தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் விவேகானந்தர். போவது சரிதானா என்ற சந்தேகம் அவருக்கு இன்னும் தீரவில்லை. இராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதாதேவிக்குக் கடிதம் எழுதி ஆசி கேட்டார். போய்வா என்று அந்த அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. அதன் பிறகுதான் மனம் துணிந்தது. அளசிங்கர் மறுபடியும் துண்டை ஏந்தினார். கேத்திரி மன்னரும் உதவி செய்தார். 1893 மே 31-ந் தேதி விவேகானந்தர் பம்பாயில் கப்பல் ஏறினார்.

மறந்துபோன மூன்று காரியங்கள்

கப்பல் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பான் போயிற்று. அங்கே வேறு கப்பல் மாறி, கனடாவில் வாங்கூவர் துறைமுகத்தில் ஜூலை மாதக் கடைசியில் இறங்கினார். அங்கிருந்து ரயிலில் சிக்காகோ.

சிக்காகோ போய் விசாரித்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. மகாசபை செப்டம்பர் 11-ந் தேதிதான் தொடங்குகிறது. ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இது முதல் தவறு: தேதியை யாரும் சரியாக விசாரிக்கவில்லை. பேசுகிறவர்கள் ஏதாவது ஒரு சங்கத்திலிருந்து அத்தாட்சிக் கடிதம் கொண்டுவரவேண்டும். அது அவரிடம் இல்லை. இது இரண்டாவது தவறு. குளிர் வரப்போகிறது. கம்பளி உடை போதாது. இது மூன்றாவது தவறு.

அளசிங்கரையும் நண்பர்களையும் குறை சொல்லவேண்டாம். அவர்களில் யாரும் சமுத்திரம் தாண்டியவர்கள் அல்ல. தங்கள் சுவாமி போய் நின்றால் போதும், கதவு தானே திறக்கும் என்று நம்பினார்கள். அன்பு இருந்தது. ஆசை இருந்தது. ஏற்பாடு போதவில்லை. அதன் கஷ்டம் முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தது. சிக்காகோவில் எல்லாம் யானை விலை. கையில் இருந்த பணம் தண்ணீராய்க் கரைந்தது. தெருவில் அவருடைய உடையைக் கண்டு சிறுவர்கள் கேலி செய்தார்கள்.

பாஸ்டன் பக்கம் செலவு குறைவு என்று கேட்டு அங்கே போனார். ரயிலில் பழக்கமான கேட் சான்பார்ன் என்ற அம்மையார் தம் பண்ணை வீட்டில் இடம் கொடுத்தார். அவர் மூலம் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்புக் கிடைத்தது. அத்தாட்சிக் கடிதம் இல்லை என்ற கவலையைப் பேராசிரியர் தீர்த்துவைத்தார். மகாசபைக்காரர்களுக்குத் தாமே கடிதம் எழுதிக் கொடுத்தார். ரயில் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தார்.

சரக்குப் பெட்டியில் ஓர் இரவு

செப்டம்பர் மாதம் ஓர் இரவு விவேகானந்தர் மறுபடியும் சிக்காகோவில் இறங்கினார். சட்டைப் பையில் கையை விட்டுப் பார்த்தார். மகாசபை அலுவலகத்தின் விலாசம் எழுதிய காகிதத்தைக் காணோம்! யாரைக் கேட்டாலும் பதில் சரியாக வரவில்லை. ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகைப் பக்கம் ஒரு காலிப் பெட்டி கிடந்தது. குளிருக்கு அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டார்.

பொழுது விடிந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. நம் நாட்டுத் துறவி வழக்கப்படி வீடு வீடாகப் போய் உணவும் வழியும் கேட்டார். அது பணக்காரர்கள் வாழும் வீதி. வேலைக்காரர்கள் விரட்டினார்கள். கதவைப் படாரென்று சாத்தினார்கள். நடந்து நடந்து ஓய்ந்துபோய்த் தெரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஓர் அம்மையார் வெளியே வந்தார். மகாசபைக்கு வந்தவரா என்று பரிவோடு விசாரித்தார். வீட்டுக்குள் அழைத்துப் போய், குளிக்க வசதி செய்து, வயிறாரச் சோறு போட்டு, தாமே கூடப் போய் மகாசபை அலுவலகத்தில் சேர்த்தார். அவர்தான் திருமதி ஹேல். அந்தக் குடும்பம் கடைசி வரையில் விவேகானந்தருக்குச் சொந்தக் குடும்பம் போல இருந்தது.

1893 செப்டம்பர் 11-ந் தேதி மகாசபை கூடியது. பல நாட்டு மதத் தலைவர்கள் மேடையில் இருந்தார்கள். எல்லோரும் பேச்சை எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். விவேகானந்தர் ஒன்றும் எழுதவில்லை. முறை வந்தபோதெல்லாம் பிறகு, பிறகு என்று தள்ளிப்போட்டார். நெஞ்சு படபடத்தது. கடைசியில் எழுந்தார். சகோதர பாவத்தோடு அவர் தொடங்கிய அந்த முதல் வரிக்கே சபை முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. மறுநாள் பத்திரிகைகள் அவர் பெயரை அச்சிட்டன. ஒரு நாள் முன்பு கதவைச் சாத்திய நகரம், அவர் பேச்சைக் கேட்க இடம் தேடி அலைந்தது.

பாம்பன் கரையில்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூன்றரை ஆண்டு வேலை செய்துவிட்டு அவர் திரும்பினார். 1897 ஜனவரி 15-ந் தேதி கொழும்பில் இறங்கினார். யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து கடல் வழியாக ஜனவரி 26-ந் தேதி பாம்பனில் கால் வைத்தார். அந்த இடத்துக்குக் குந்துகால் என்று பெயர்.

கரையில் பாஸ்கர சேதுபதி மன்னர் பரிவாரத்தோடு காத்து நின்றார். விவேகானந்தர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்தார்கள். மன்னரும் ஒரு கை பிடித்து இழுத்தார். நான்கு ஆண்டுக்கு முன்பு இதே தமிழ்க் கடலோரத்தில் ஒரு வள்ளத்துக்குக் காசில்லாமல் நின்ற மனிதர் அவர்.

வரவேற்பில் அவர் மயங்கிவிடவில்லை. பாறையில் போட்ட திட்டம் நினைவில் இருந்தது. அதே ஆண்டு மே 1-ந் தேதி இராமகிருஷ்ண இயக்கத்தைத் தொடங்கினார். பஞ்சம் வந்த இடத்துக்கும் கொள்ளைநோய் வந்த இடத்துக்கும் துறவிகள் போய் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள் ஏற்பட்டன. ஆனால் அவருக்கு ஆயுள் இல்லை. ஓயாத பயணமும் நோயும் உடம்பை அரித்துவிட்டன. 1902 ஜூலை 4-ந் தேதி கல்கத்தாவுக்கு அருகே பேலூர் மடத்தில் மறைந்தார். வயது முப்பத்தொன்பது.

இன்று போகிறவர்களுக்கு

ஜனங்களின் நன்கொடையால் அந்தப் பாறையில் மண்டபம் எழுந்தது. 1970 செப்டம்பர் 2-ந் தேதி குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அதைத் திறந்துவைத்தார். அடுத்த பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் ஒன்றும் 2024 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டிருக்கிறது. கரையிலிருந்து பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள் போகின்றன.

ராஜபாளையத்திலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். சங்கரன்கோயில், திருநெல்வேலி, நாகர்கோயில் பக்கமாகப் பாதை. இருட்டோடு புறப்பட்டால் காலைப் படகு வரிசையில் நின்றுவிடலாம். விடுமுறை நாளில் வரிசை நீளும். பிற்பகலில் போய் நின்றால் ஏமாந்துபோகலாம். காற்று பலத்தாலும் கடல் உள்வாங்கினாலும் படகை நிறுத்திவிடுவார்கள். கோபித்துக்கொள்ளவேண்டாம். கோயிலையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு வரலாம். படகில் மிதவைச் சட்டை கொடுத்தால், கூச்சப்படாமல் பெரியவர்களும் போட்டுக்கொள்ளவேண்டும்.

சரி, கயாக் படகு? அந்தப் பாறையைச் சுற்றி நீர் சுழிக்கும் என்று மேலே படித்தீர்கள். அங்கே துடுப்புப் படகில் போகவோ, விவேகானந்தர் போல நீந்தவோ நினைப்பது விபரீதம். அவர் வேறு வழியில்லாமல் நீந்தினார். நமக்குப் படகு இருக்கிறது. துடுப்புப் பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகளை, இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குப் பக்கத்துக் காரங்காட்டுக்குக் கூட்டிப் போகலாம். அலையாத்திக் காடுகளுக்கு நடுவே, அலை குறைந்த நீரில், வனத்துறையினரும் ஊராரும் சேர்ந்து துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத்தர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். குந்துகாலுக்குப் போனால் எதிரே குருசடைத் தீவு தெரியும். மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. பவளப் பாறைகள் உள்ள இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது.

எந்தத் தீவுக்குப் போவதானாலும் முன்கூட்டி விசாரியுங்கள். தேதி, அனுமதி, உடை என்ற மூன்றையும் மறந்த சென்னை நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். விலாசத்தை இரண்டு பேர் பையில் எழுதி வையுங்கள்.

பாறையில் இறங்கியதும் போட்டோப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிள்ளைகளைத் தெற்குப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள். பசித்த ஒருவர் இங்கே உட்கார்ந்து, நாட்டில் எழுத்தறியாத ஏழைகளுக்கு எப்படிப் படிப்புச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தார் என்று சொல்லுங்கள். வயது வந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டு, இந்தப் பக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தவர்கள் இருப்பார்கள். பாறையில் அவர் நினைத்தது உங்களைத்தான். வீட்டில் இன்னும் படிக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், ஊர் திரும்பியதும் அவருக்கு அ, ஆ எழுதிக் கொடுங்கள். படகுச் சத்தம் அன்றைக்கே செலவாகிவிடும். இது அவருக்குக் கடைசி வரைக்கும் நிற்கும்.